மூன்று பதக்கம், ஓர் உயரம்: மாரியப்பன் தங்கவேலுவின் விளையாட்டு வாழ்க்கை

ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். மாரியப்பன் தங்கவேலுவின் பாராலிம்பிக் கணக்கை நிறத்தை வைத்துப் படித்தால், உச்சியில் தொடங்கிய ஒருவர் படிப்படியாக இறங்கி வந்ததுபோலத் தெரியும். அதே கணக்கை உயரத்தை வைத்துப் படித்தால் வேறொரு படம் கிடைக்கிறது. 2016இல் 1.89 மீட்டர், 2021இல் 1.86, 2024இல் 1.85. எட்டு ஆண்டுகளில் நான்கு சென்டிமீட்டர். ஏறக்குறைய இரண்டு விரற்கடை. பாரிஸுக்கு மூன்றரை மாதம் முன்பு ஜப்பானின் கோபே நகரில் நடந்த உலகப் போட்டியில் 1.88 தாண்டித் தங்கம் வாங்கியவரும் இவர்தான்.

தொடர்ந்து மூன்று பாராலிம்பிக் போட்டிகளில் பதக்கம் வென்ற முதல் இந்தியர் மாரியப்பன். ஆனாலும் பெரும்பாலான கட்டுரைகளும் மேடைப் பேச்சுகளும் 2016 செப்டம்பரில் தொடங்கி அந்த மாதத்திலேயே முடிந்துவிடுகின்றன. ஏழைத் தாய், பேருந்து விபத்து, தங்கப் பதக்கம் என்ற மூன்று காட்சிகளோடு கதை நிறைவு பெற்றுவிடுகிறது. அந்தத் தங்கத்துக்கு முன்னே இருந்த பதினைந்து ஆண்டுகளையும் பின்னே வந்த எட்டு ஆண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த வாழ்க்கையின் எடை தெரியும். முதல் பகுதி நம் சமூகம் ஒரு மாற்றுத்திறனாளிச் சிறுவனை எப்படி நடத்துகிறது என்பதைச் சொல்கிறது. இரண்டாம் பகுதி, ஒரு விளையாட்டு வீரர் என்பவர் யார் என்பதைச் சொல்கிறது.

விபத்தும் கடனும்

சேலம் மாவட்டம் ஓமலூரை அடுத்த பெரியவடகம்பட்டியில் 1995 ஜூன் 28 அன்று பிறந்தவர் மாரியப்பன். வீட்டில் ஆறு பிள்ளைகள். தந்தை குடும்பத்தை விட்டுப் போய்விட, தாய் சரோஜா தனியாளாக எல்லோரையும் வளர்த்தார். செங்கல் சுமந்தார், பிறகு காய்கறி விற்றார். நாள் ஒன்றுக்கு நூறு ரூபாய் கிடைத்தால் அதிகம்.

ஐந்து வயதில், பள்ளிக்கு நடந்து போகும் வழியில் ஒரு பேருந்து மோதியது. வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப்போனது. ஓட்டுநர் குடித்திருந்தார் என்று மாரியப்பன் பின்னாளில் பேட்டிகளில் சொன்னார். கால் பிழைத்தது, ஆனால் வளரவில்லை. அந்தக் கால் இன்னும் ஐந்து வயதுக் காலாகவே இருக்கிறது என்பது அவரே சொன்ன விளக்கம்.

சிகிச்சைக்காகச் சரோஜா மூன்று லட்சம் ரூபாய் கடன் வாங்கினார். நாளுக்கு நூறு ரூபாய் சம்பாதிக்கும் ஒருவர் ஒரு காசு செலவழிக்காமல் மொத்தத்தையும் சேர்த்து வைத்தாலும் மூன்று லட்சம் சேர மூவாயிரம் நாள் ஆகும். எட்டு ஆண்டுக்கு மேல். வட்டி தனி. ஏழைக் குடும்பத்தின் அறுவைச் சிகிச்சைச் செலவை ஏற்கும் அரசுக் காப்பீட்டுத் திட்டம் தமிழ்நாட்டில் அன்று கிடையாது. கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது 2009இல். எனவே 2000 வாக்கில் விபத்துக்குள்ளான ஒரு கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கு முன்னே இருந்த வழிகள் இரண்டே: கடன், அல்லது காலை இழப்பது.

இழப்பீடு கேட்டுப் போட்ட வழக்கு பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது. முடிவில் கிடைத்தது இரண்டு லட்சம். அதில் ஒரு லட்சம் வழக்குச் செலவுக்கே போயிற்று. மீதி ஒரு லட்சத்தை மகளின் பெயரில் போட்டு வைத்தார் தாய். மகன் ரியோவுக்கு விமானம் ஏறியபோதும் அந்த மருத்துவக் கடன் அடைபட்டிருக்கவில்லை என்று அப்போதைய செய்திகள் தெரிவித்தன.

இந்தக் கணக்கைக் கண்ணீர் வரவழைப்பதற்காகச் சொல்லவில்லை. மோட்டார் வாகன இழப்பீட்டு வழக்குகளில் பாதிக்கப்பட்டவர் குழந்தையாக இருக்கும்போது அவருடைய எதிர்கால வருமானத்தை மதிப்பிடுவதுதான் நீதிமன்றத்துக்குச் சிரமமான வேலை. சம்பாதிக்காத ஐந்து வயதுச் சிறுவனின் காலுக்கு என்ன விலை என்ற கேள்விக்கு இந்த வழக்கில் கிடைத்த விடை, செலவான கடனில் மூன்றில் இரண்டு பங்கு. அதுவும் அந்தச் சிறுவன் வளர்ந்து ஆளான பிறகு.

பள்ளி மைதானத்தில்

அரசுப் பள்ளியில் உடற்கல்வி வகுப்பு என்றால், கால் சரியில்லாத பிள்ளையை மரத்தடியில் உட்காரவைத்து மற்றவர்களின் செருப்புக்கும் பைக்கும் காவல் வைப்பதுதான் பல இடங்களில் வழக்கம். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை; விழுந்து அடிபட்டுவிடுமே என்ற கவலையில் செய்கிறார்கள். விளைவு ஒன்றுதான்: அந்தப் பிள்ளையால் என்ன முடியும் என்பது அதற்கே தெரியாமல் போய்விடுகிறது.

மாரியப்பன் விஷயத்தில் அப்படி நடக்கவில்லை. வாலிபால் ஆடிக்கொண்டிருந்த சிறுவனை உயரம் தாண்டுதலுக்குத் திருப்பியவர் அவருடைய பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் ராஜேந்திரன். பதினான்காவது வயதில், உடற்குறை ஏதுமில்லாத மாணவர்களோடு போட்டியிட்டு மாரியப்பன் இரண்டாமிடம் பிடித்தார். மாற்றுத்திறனாளிகளுக்கெனத் தனிப் போட்டி உண்டு, அதில் தேசிய அணி உண்டு, பாராலிம்பிக் என்று ஒன்று உண்டு என்பதெல்லாம் அந்த ஊருக்குப் பிறகுதான் தெரியவந்தது. முதலில் நடந்தது, ஒரு ஆசிரியர் ஒரு மாணவனைக் கம்பிக்கு முன்னே நிற்க அனுமதித்தது மட்டுமே.

உயரம் தாண்டுதல் ஏழைப் பள்ளிக்கு ஏற்ற விளையாட்டு. இரண்டு கம்பம், ஒரு குறுக்குக் கம்பி, விழுவதற்கு மணல் இருந்தால் தொடங்கிவிடலாம். ஆனால் மணலில் காலாலோ பக்கவாட்டிலோதான் விழ முடியும். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் டிக் ஃபாஸ்பரி உலகுக்குக் காட்டிய, முதுகு கம்பிக்கு மேலாக வளைந்து செல்லும் முறைக்குத் தடிமனான மெத்தை வேண்டும். மணல் குழியில் முதுகில் விழுந்து பழகினால் எலும்பு முறியும். ஆகவே தாலுகா அளவில் திறமை காட்டும் ஒரு பிள்ளை, அடுத்த படிக்கு ஏற வேண்டுமானால் ஊரைவிட்டு வெளியே வந்தாக வேண்டும். திறமைக்கும் மெத்தைக்கும் இடையே உள்ள தூரம்தான் கிராமத்து வீரர்கள் பலரும் காணாமல் போகும் இடம்.

2012க்கும் 2015க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் மாரியப்பன் அந்த இடைவெளியில்தான் இருந்தார். அதிகாலையில் வீடு வீடாகச் செய்தித்தாள் போட்டார். பகலில் கட்டட வேலைக்குப் போனார். இடையே சேலம் ஏ.வி.எஸ். கல்லூரியில் பி.பி.ஏ. படித்தார். 2013இல் தேசிய பாரா தடகளப் போட்டியில் அவரைப் பார்த்தவர் பெங்களூரைச் சேர்ந்த பயிற்சியாளர் சத்யநாராயணா. 2015இல் அவரைப் பெங்களூருக்கு அழைத்து முறையான பயிற்சி கொடுத்தார்.

சத்யநாராயணாவின் கண்ணுக்கு ஒரு பின்னணி உண்டு. 2012 லண்டன் பாராலிம்பிக்கில் இந்தியாவுக்குக் கிடைத்த ஒரே பதக்கம் கர்நாடகத்தின் ஹாசன் மாவட்டத்தைச் சேர்ந்த எச்.என். கிரிஷா உயரம் தாண்டுதலில் வென்ற வெள்ளி. அவரும் சத்யநாராயணாவின் மாணவர். லண்டனில் தங்கம் வென்ற ஃபிஜித் தீவின் இலியேசா டெலானா, வெள்ளி வென்ற கிரிஷா, வெண்கலம் வென்ற போலந்தின் வூகாஷ் மாம்சார்ஷ் மூவரும் தாண்டியது ஒரே உயரம், 1.74 மீட்டர். யார் எத்தனை முறை கம்பியைத் தட்டினார்கள் என்பதை வைத்துத்தான் நிறம் முடிவானது. டெலானாவும் குழந்தைப் பருவத்தில் ஒரு பேருந்து விபத்தில் கால் இழந்தவர். செயற்கைக் கால் பொருத்தாமல், ஒற்றைக் காலில் துள்ளி ஓடிவந்து தாண்டி, தன் நாட்டுக்கு முதல் பாராலிம்பிக் தங்கத்தைக் கொடுத்தார்.

நம் பக்கத்து நிர்வாகமோ அப்போது வேறொரு நிலையில் இருந்தது. 2015 மார்ச்சில் காஜியாபாத்தில் நடந்த தேசிய பாரா தடகளப் போட்டியில் வீரர்களுக்குத் தங்க இடமும் கழிப்பறையும்கூட ஒழுங்காக இல்லை என்ற செய்தி வெளியாகி நாடே முகம் சுளித்தது. தொடர்ந்து சர்வதேச பாராலிம்பிக் குழு இந்தியக் குழுவை இடைநீக்கம் செய்தது. 2016இல்தான் தடை நீங்கியது. மாரியப்பன் பெங்களூரில் பயிற்சி தொடங்கிய ஆண்டும் அதே 2015. வீரர் தயாராகிக்கொண்டிருந்தபோது அமைப்பு தகுதி இழந்து நின்றது.

எண்களின் அரசியல்

பாரா தடகளத்தைப் பின்தொடர்வதில் பொது வாசகருக்கு வரும் முதல் தடை எண்கள். டி42, டி63 என்று வரும்போது பக்கத்தைப் புரட்டிவிடத் தோன்றும். ஆனால் இந்த எண்களுக்குள்தான் போட்டியின் நியாயம் இருக்கிறது.

உடல் பாதிப்பின் தன்மையையும் அளவையும் மருத்துவர்களும் தொழில்நுட்ப வல்லுநர்களும் நேரில் சோதித்து ஒவ்வொரு வீரரையும் ஒரு வகுப்பில் சேர்க்கிறார்கள். லண்டனில் இந்தப் போட்டியின் பெயர் எஃப்42. ரியோவில் டி42. ஒரு காலில் முழங்காலுக்கு மேல் துண்டிக்கப்பட்டவர்களும், அதற்கு இணையான பாதிப்பு உள்ளவர்களும் அதில் ஒன்றாகப் போட்டியிட்டார்கள். 2018 தொடக்கத்தில் விதி மாறியது. செயற்கைக் கால் பொருத்திப் போட்டியிடுபவர்களுக்கு டி61 முதல் டி64 வரை புதிய வகுப்புகள் வந்தன. செயற்கைக் கால் இல்லாமல் தாண்டும் மாரியப்பன் டி42இல் தொடர்ந்தார். ஆனால் பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலுக்கு டி42, டி63 ஆகிய இரு வகுப்பையும் சேர்த்து ஒரே போட்டிதான் நடக்கிறது. அதன் பெயரும் டி63. அதாவது, தனித்தனி வகுப்பு என்று எழுதிவிட்டு ஒரே மெத்தையில் தாண்ட வைக்கிறார்கள்.

இதன் பொருள், மாரியப்பனுக்கு எதிரே நிற்பவர்களின் உடல்கள் ஒன்றுபோல இல்லை என்பது. அமெரிக்காவின் சாம் குரூவுக்குப் பதின்மூன்று வயதில் எலும்புப் புற்றுநோய்; முழங்கால் பகுதியை அகற்றி, கீழ்க்காலைத் திருப்பிப் பொருத்தி, கணுக்காலையே முழங்காலாக வேலை செய்ய வைக்கும் அறுவைச் சிகிச்சை நடந்தது. அதன்மேல் செயற்கைக் கால் அணிந்து தாண்டுகிறார். அமெரிக்காவின் எஸ்ரா ஃபிரெச் இடக்காலில் முழங்காலும் கீழ்க்கால் எலும்பும் இல்லாமல் பிறந்தவர். பீகார் முசாபர்பூரின் ஷரத் குமாருக்கு இரண்டு வயதில் போலியோ. கிரேட்டர் நொய்டாவின் வருண் சிங் பாட்டிக்கும் போலியோ. புற்றுநோய், பிறவிக் குறை, போலியோ, பேருந்து. ஒவ்வொருவரும் ஓடிவரும் தாளமே வேறு.

வளர்ச்சி பற்றியும் ஓர் எச்சரிக்கை தேவை. இந்த விளையாட்டு ஆண்டுக்கு ஆண்டு சீராக முன்னேறி வந்தது என்று நினைத்தால் தவறு. கனடாவின் ஆர்னி போல்ட், மூன்று வயதில் தானியம் ஏற்றும் இயந்திரத்தில் வலக்காலை இழந்தவர். 1976 டொராண்டோ பாராலிம்பிக்கில் ஒற்றைக் காலில் துள்ளி வந்து 1.86 தாண்டினார், 1980 ஆர்ன்ஹெமில் 1.96. லண்டனில் 1.74 போதுமானதாக இருந்ததற்கு முப்பது ஆண்டு முன்பே இந்த உயரங்கள் எட்டப்பட்டுவிட்டன. இடையில் உயரம் குறைந்து மறுபடி ஏறியிருக்கிறது. அந்த மறு ஏற்றத்தின் முதல் பெரிய படி ரியோவில் விழுந்தது.

ரியோ, 2016 செப்டம்பர் 9

ரியோவுக்குத் தகுதி பெற 1.60 மீட்டர் போதும். 2016 மார்ச்சில் துனிசியாவில் நடந்த போட்டியில் மாரியப்பன் 1.78 தாண்டினார். ஆறு மாதத்தில் அதற்கு மேல் இன்னும் பதினொரு சென்டிமீட்டர் சேர்த்தார். 1.89 மீட்டர், தங்கம். சாம் குரூவும் வருண் பாட்டியும் 1.86இல் நின்றார்கள், குரூவுக்கு வெள்ளி, வருணுக்கு வெண்கலம்.

லண்டனில் தங்கம் கொடுத்த 1.74 ரியோவில் மேடைக்குப் பக்கத்தில்கூட வந்திருக்காது. மூன்றாமிடத்துக்கே பன்னிரண்டு சென்டிமீட்டர் கூடிவிட்டது. நான்கே ஆண்டில் இந்தத் தாவல் நடந்ததற்கு மாரியப்பனும் குரூவும் வருணும் ஒரே நேரத்தில் வந்து ஒருவரை ஒருவர் தள்ளியது முக்கியக் காரணம். அந்த ஆண்டு மூவருக்கும் வயது 21ஐத் தாண்டவில்லை.

1972 ஹைடல்பெர்க்கில் நீச்சலில் முரளிகாந்த் பெட்கர், 2004 ஏதென்ஸில் ஈட்டி எறிதலில் தேவேந்திர ஜாஜாரியா. அவர்களுக்குப் பிறகு பாராலிம்பிக் தங்கம் வென்ற மூன்றாவது இந்தியர் மாரியப்பன். சில நாட்களில் ஜாஜாரியா ரியோவிலும் ஒரு தங்கம் சேர்த்தார். 2017இல் மாரியப்பனுக்குப் பத்மஸ்ரீ, அர்ஜுனா விருதுகள். 2020இல் கேல் ரத்னா. அவருடைய வாழ்க்கையை ஐஸ்வர்யா தனுஷ் படமாக்கப்போவதாக 2017 புத்தாண்டில் முதல் தோற்றம்கூட வெளியானது. படம் திரைக்கு வரவில்லை. வந்திருந்தால் அது ரியோவின் மேடையில் தேசிய கீதத்தோடு முடிந்திருக்கும். வீரரின் வாழ்க்கையில் கடினமான பகுதி அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

சறுக்கலும் மீட்சியும்

2018 அக்டோபரில் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய பாரா விளையாட்டில் இந்திய அணியின் கொடியை ஏந்திச் சென்றவர் மாரியப்பன். போட்டியில் அவர் தாண்டியது 1.67. ரியோவைவிட 22 சென்டிமீட்டர் குறைவு. ஷரத் குமார் 1.90 தாண்டித் தங்கம், வருண் 1.82 தாண்டி வெள்ளி, மாரியப்பனுக்கு வெண்கலம். மூன்று பதக்கமும் இந்தியாவுக்கு வந்ததால் செய்தித்தாள்கள் மகிழ்ச்சியோடு எழுதின. ஆனால் இருபத்து மூன்று வயதில் ஒரு தங்க வீரர் தன் உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்குக்கு மேல் இழந்து நின்றார் என்பதுதான் அந்த எண் சொன்ன செய்தி.

2019 நவம்பரில் துபாய் உலகப் போட்டி. குரூ 1.86, ஷரத் 1.83, மாரியப்பன் 1.80. மறுபடியும் வெண்கலம், ஆனால் ஓராண்டில் 13 சென்டிமீட்டர் திரும்பி வந்திருந்தது. அடுத்து கொரோனா வந்து எல்லாவற்றையும் நிறுத்தியது.

டோக்கியோவில் தொடக்க விழாவன்று கொடி ஏந்த வேண்டியவரும் மாரியப்பன்தான். டோக்கியோ சென்ற விமானத்தில் அருகிலிருந்த வெளிநாட்டுப் பயணி ஒருவருக்குத் தொற்று உறுதியானதால் அவர் தனிமைப்படுத்தப்பட்டார். அவருக்குத் தொற்று இல்லை. கொடியைச் சக வீரர் டேக் சந்த் ஏந்தினார். அந்த நாட்களில் மற்ற வீரர்களோடு சேர்ந்து பழகவும் முடியவில்லை.

ஆகஸ்ட் 31 மாலை. போட்டி தொடங்கும்போது தூறல். கம்பி 1.80ஐத் தாண்டி ஏறியபோது தூறல் மழையாகிவிட்டது. இங்கே ஒரு சிறு விஷயத்தைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும்: மாரியப்பனின் வலக்காலில் இருந்த காலுறை. பாதிக்கப்பட்ட அந்தப் பாதத்தில் அவர் காலுறை அணிந்து ஓடிவருகிறார். மழையில் அது நனைந்துவிட்டது. அதன்பின் தாண்டுவது கடினமாகிவிட்டது என்று போட்டிக்குப் பின் அவரே சொன்னார்.

கேட்பதற்குச் சாக்குப்போக்குபோல இருக்கும். உயரம் தாண்டுதலின் இயக்கம் தெரிந்தால் அப்படித் தோன்றாது. தாண்டும் உயரத்தைத் தீர்மானிப்பது தாவும் கணம் மட்டுமல்ல. அதற்கு முந்தைய ஓட்டம். ஓடிவரும் வேகத்தைக் கடைசி சில அடிகளில் மேல்நோக்கிய விசையாக மாற்ற வேண்டும். அந்தக் கடைசி அடிகளில் ஒவ்வொன்றும் எங்கே விழ வேண்டும், எவ்வளவு நேரம் தரையில் இருக்க வேண்டும் என்பது ஆயிரக்கணக்கான முறை பழகி உடம்பில் ஏறியது. வளராத காலும் அந்தத் தாளத்தில் ஒன்றுவிட்டு ஒரு அடியைத் தாங்குகிறது. ஈரத் துணியால் அந்தப் பாதம் இம்மி வழுக்கினாலும் மனம் தயங்கும். தயங்கினால் வேகம் குறையும். வேகம் குறைந்தால் உயரம் குறையும். முள் பதித்த காலணி இரண்டு அணிந்து ஓடும் வீரருக்கு மழை ஒரு தொல்லை. இவருக்கு அது ஒரு காலையே பறிப்பது.

அந்த நிலையிலும் 1.86 தாண்டினார். 1.88இல் அவரும் குரூவும் மட்டும் மிஞ்சினார்கள். ஓர் உயரத்துக்கு மூன்று வாய்ப்பு. மாரியப்பன் மூன்றையும் தவறவிட்டார். குரூ தன் மூன்றாவது வாய்ப்பில் தாண்டிவிட்டார். 1.83 தாண்டிய ஷரத்துக்கு வெண்கலம். ரியோவில் மாரியப்பன் தாண்டிய 1.89 அன்று கைவசம் இருந்திருந்தால் தங்கம் அவருக்குத்தான். ஆர்னி போல்டின் 1.96ஐ முறியடிக்கும் எண்ணத்தோடு வந்ததாக அவர் சொன்னதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த வெள்ளியை அவர் கொண்டாட்டமாக எடுத்துக்கொள்ளாததில் வியப்பில்லை.

கோபேயும் பாரிஸும்

2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய பாரா விளையாட்டில் புதிய பெயர் ஒன்று முன்னே வந்தது. பீகாரின் சைலேஷ் குமார் 1.82 தாண்டித் தங்கம் வென்றார், மாரியப்பன் 1.80, வெள்ளி. இருபத்தெட்டு வயதில், தன்னைப் பார்த்து வளர்ந்த தலைமுறையிடமே தோற்கத் தொடங்கிவிட்டார் என்று சொல்ல அது வசதியான தருணம்.

ஏழு மாதம் கழித்து, 2024 மே மாதம், கோபேயில் அவர் 1.88 தாண்டினார். அப்போது உலகப் போட்டியின் சாதனை உயரம் அது. 1.85 தாண்டிய எஸ்ரா ஃபிரெச்சையும் 1.82 தாண்டிய குரூவையும் ஒரே நாளில் பின்னுக்குத் தள்ளினார். ரியோ தங்கத்துக்கு ஏறக்குறைய எட்டு ஆண்டுக்குப் பிறகு, அந்த உயரத்துக்கு ஒரே ஒரு சென்டிமீட்டர் கீழே. என் பார்வையில் மாரியப்பனின் விளையாட்டு வாழ்க்கையில் ஆகப்பெரிய நாள் இதுதான். ரியோவில் அவர் இளைஞர், இழப்பதற்கு ஒன்றுமில்லை. கோபேயில் விழுந்து எழுந்தவர்.

பாரிஸில் செப்டம்பர் 3 அன்று ஃபிரெச் 1.94 தாண்டி எல்லோருக்கும் எட்டாத தூரம் போய்விட்டார். பத்தொன்பது வயது, அதற்கு முன்தினம்தான் நூறு மீட்டர் ஓட்டத்திலும் தங்கம் வென்றிருந்தார். ஷரத் 1.88, மாரியப்பன் 1.85. இந்தியாவுக்கு ஒரே போட்டியில் இரண்டு பதக்கம்.

ஷரத்தையும் மாரியப்பனையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயன் தரும். ஷரத் டார்ஜிலிங்கில் விடுதிப் பள்ளியில் படித்தவர், டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் சர்வதேச உறவுகள் பயின்றவர், உக்ரைனில் தங்கிப் பயிற்சி பெற்றவர். மாரியப்பன் பெரியவடகம்பட்டி அரசுப் பள்ளியிலிருந்தும் கட்டட வேலையிலிருந்தும் வந்தவர். இருவரும் பத்தாண்டாக மாறி மாறி ஒருவர் முன்னே மற்றவர் பின்னே. திறமை எங்கேயும் பிறக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அது வெளியே தெரிய யாருக்கு எத்தனை தற்செயல்கள் தேவைப்பட்டன என்பதில்தான் வித்தியாசம்.

பணக் கணக்கு

ரியோ தங்கத்துக்கு முதலமைச்சர் ஜெயலலிதா இரண்டு கோடி ரூபாய் அறிவித்தார். மத்திய அரசு 75 லட்சம் கொடுத்தது. டோக்கியோ வெள்ளிக்கு முதலமைச்சர் ஸ்டாலின் இரண்டு கோடி அறிவித்தார். 2021 நவம்பரில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தில் துணை மேலாளர் பணி வழங்கப்பட்டது. பாரிஸ் வெண்கலத்துக்குத் தமிழக அரசு ஒரு கோடி கொடுத்தது. மத்திய அரசின் அட்டவணைப்படி பாராலிம்பிக் தங்கத்துக்கு 75 லட்சம், வெள்ளிக்கு 50, வெண்கலத்துக்கு 30. டோக்கியோவில் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இடையே இருந்த இரண்டு சென்டிமீட்டரின் விலை 25 லட்சம். பாரிஸில் வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் இடையே இருந்த மூன்று சென்டிமீட்டரின் விலை 20 லட்சம்.

இந்தத் தொகைகளைக் குறை சொல்வதற்கில்லை. வாங்கியவர் அதை எப்படிப் பார்த்தார் என்பதும் தெரிகிறது: ரியோ பரிசிலிருந்து 30 லட்சத்தைத் தான் படித்த அரசுப் பள்ளிக்குத் தருவதாக அவர் அறிவித்தார். கேள்வி பரிசின் நேரத்தைப் பற்றியது. இரண்டு கோடி வந்தபோது அவருக்கு அது அவசியமாக இருந்த காலம் கடந்துவிட்டிருந்தது. மூன்று லட்சம் தேவைப்பட்டது ஐந்து வயதில். மெத்தையும் சத்துணவும் பேருந்துக் கட்டணமும் தேவைப்பட்டது பதினேழு, பதினெட்டு வயதில், அவர் செய்தித்தாள் போட்டுக்கொண்டிருந்தபோது. பதக்கத்துக்குப் பின் கோடி கொடுக்கும் அரசு, பதக்கத்துக்கு முன் ஆயிரம் கொடுத்திருந்தால் எத்தனை பேர் அந்த இடைவெளியைக் கடந்திருப்பார்கள்?

நிலைமை மாறியிருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். மத்திய அரசின் ஒலிம்பிக் மேடை இலக்குத் திட்டத்தில் பாரா வீரர்களும் இடம்பெறுகிறார்கள். 2023இல் தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை, போட்டிக்குப் போகப் பணமில்லாத வீரர்களுக்கு உதவுகிறது. பலன் எண்களில் தெரிகிறது. 1968இல் முதன்முதலாகக் கலந்துகொண்டதிலிருந்து 2012 வரை இந்தியா வென்ற பாராலிம்பிக் பதக்கங்கள் மொத்தமே எட்டு. ரியோவில் 4, டோக்கியோவில் 19, பாரிஸில் 29. பாரிஸில் தமிழ்நாட்டுக்குக் கிடைத்த நான்கு பதக்கங்களில் மூன்று இறகுப்பந்தில் துளசிமதி முருகேசன், மனிஷா ராமதாஸ், நித்யஸ்ரீ சிவன் ஆகிய பெண்கள் வென்றவை, நான்காவது மாரியப்பனுடையது.

ஆனால் இந்தத் திட்டங்கள் எல்லாம், ஏற்கெனவே மாநில அளவிலோ தேசிய அளவிலோ பெயர் எடுத்தவரைத்தான் தேடி வருகின்றன. அந்தப் பெயரை எடுக்கும் இடம் பள்ளி மைதானம். அங்கே திட்டம் இல்லை; உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் இருக்கிறார், அல்லது இல்லை.

பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள்

ரியோ தங்கத்துக்கு மூன்று மாதம் கழித்து, 2016 டிசம்பரில், நாடாளுமன்றம் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. அரசு நிதி அல்லது அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்கள் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு மற்றவர்களுக்குச் சமமாக விளையாட்டு வாய்ப்பும் தர வேண்டும் என்கிறது அதன் 16ஆம் பிரிவு. அதாவது, விளையாட்டு வகுப்பில் ஒரு பிள்ளையை மரத்தடியில் உட்கார வைப்பது பரிவு என்ற கணக்கில் இனி சேராது. அது உரிமை மறுப்பு.

மாரியப்பனைத் தன்னம்பிக்கைச் சுவரொட்டியாக மாற்றி வகுப்பறையில் ஒட்டுவது எளிது. அதில் பள்ளிக்குச் செலவும் இல்லை, பொறுப்பும் இல்லை. அவருடைய வாழ்க்கையிலிருந்து பள்ளிகள் எடுத்துக்கொள்ள வேண்டியது ராஜேந்திரன் செய்த காரியத்தை. உங்கள் பள்ளியில் கால் ஊனமுற்ற, பார்வை குறைந்த, கை வளராத பிள்ளை இருந்தால், அடுத்த விளையாட்டு வகுப்பில் அந்தப் பிள்ளையைக் களத்தில் இறக்குங்கள். எது முடியும் என்று அதனிடமே கேளுங்கள். மாவட்ட அளவில் நடக்கும் பாரா தடகளத் தேர்வுப் போட்டிகளுக்குப் பெயர் கொடுங்கள். பெற்றோர் பயந்தால் உட்கார்ந்து பேசுங்கள். பதக்கம் வராமல் போகலாம், பெரும்பாலும் வராது. தன் உடம்பு எவ்வளவு உயரம் போகும் என்று தெரிந்துகொள்ளும் உரிமை அந்தப் பிள்ளைக்கு உண்டு. அதைக் கொடுக்க அரசாணையோ கோடியோ தேவையில்லை.